இரண்டு மரை உள்ள சின்னக் குழாய்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் அடித்தரை தெரிந்தது. மோட்டார் போட்டால் காற்றைத்தான் இழுக்கும் என்பதால் போடவில்லை. டேங்கர் லாரிக்கு முந்தைய நாளே சொல்லி வைத்திருந்தேன். காபி போட்டு, மகள் ஜெனியின் டம்ளரைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, என் டம்ளருடன் முன்னறை ஜன்னலுக்கு வந்தேன்.

அந்த நேரத்தில் அந்த ஜன்னலில் எனக்கு ஒரு வேலை உண்டு. ஒரு கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. சில வாரங்களாக அந்த வேலை இல்லை. கடிகாரம் ஒரு பழைய மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் பகுதி பகுதியாகக் கிடந்தது. இருந்தாலும் போய் நின்றேன். ஒரு கையில் காபி, இன்னொரு கை சும்மா.

அடுத்த வியாழக்கிழமை எஸ்தர் வருகிறாள். அதற்குள் அந்தக் கடிகாரம் ஓட வேண்டும்.

எஸ்தரின் நேரம்

எஸ்தர் என் மனைவி. அயர்லாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். குரோம்பேட்டைப் பக்கம் நெடுங்காலம் வேலை பார்த்தவள், நாற்பத்தாறு வயதில் ஆங்கிலப் பரீட்சை எழுதிவிட்டுப் போனாள். பேசிப் பழக ஆள் இல்லாததால் சேலையூர் வீட்டுச் சமையலறையில் குக்கருடன் இங்கிலீஷ் பேசுவாள். விசில் வந்தால் “தேங்க் யூ” என்பாள். ஜெனி காட்டாங்குளத்தூரில் கல்லூரி சேர வேண்டியிருந்தது, வீட்டுக் கடன் இருந்தது. எல்லார் வீட்டிலும் இருக்கும் காரணங்கள்தான்.

வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். முதல் லீவில் வந்தபோது, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கார் நிறுத்தும் இடத்திலேயே கைப்பையைத் திறந்து அந்தக் கடிகாரத்தை எடுத்தாள். பெட்டிகள் இன்னும் தள்ளுவண்டியில் இருந்தன. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“எப்பப் பாத்தாலும் சம்ப்புக்குள்ள கையை விட்டுட்டு நிக்கிறீங்க. இது தண்ணிக்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாதாம்” என்றாள்.

கடலில் முங்குபவர்கள் கட்டும் வகை அது. சாதாரணக் கடிகாரத்தில் சாவித் திருகை இழுத்தால் வந்துவிடும். கடைக்காரர்கள் அதை கிரவுன் என்பார்கள். இந்த வகையில் கிரவுனுக்குள், பாட்டில் மூடிக்குள் இருப்பதுபோல் திருகு வரி, அதாவது மரை இருக்கும். இடப்பக்கம் சுற்றித் திறக்க வேண்டும்; வேலை முடிந்ததும் அழுத்தி வலப்பக்கம் சுற்றி மூட வேண்டும். மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. கிரவுன் ஏறி உட்காரும் எதிர் மரை, கடிகாரக் கூட்டின், அதாவது கேஸின் பக்கவாட்டில் முடுக்கியிருக்கும் ஒரு சின்னக் குழாயில் இருக்கிறது. அரிசி மணியைவிடக் கொஞ்சம் குட்டையான குழாய்.

கையில் கட்டியிருந்தால் கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரம். எஸ்தர் இங்கே இருந்த அந்த லீவு முழுக்கக் கட்டியிருந்தேன்.

அவள் திரும்பிப் போகும் விமானம் அதிகாலையில். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். அவள் குளித்துவிட்டு உலர்த்திய துண்டு கொடியில் தொங்கியது. தொட்டால் இன்னும் ஈரம். தலைக்கு மேலே ஏதோ ஒரு விமானம் போனது; அவளுடையது இல்லை, விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம். அங்கேயே, கொடிக்குக் கீழே நின்று, கிரவுனைத் திறந்து முட்களைப் பின்னால் சுற்றி அவள் ஊர் நேரத்துக்குக் கொண்டுபோனேன். ஏன் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை. பரிசோதனைச் சீட்டில் நேரம் எழுதுபவன் நான். கையில் ஒரு நேரம், சீட்டில் ஒரு நேரம் என்றால் எனக்கு ஒத்துவராது. பழைய பேட்டரி வாட்ச்சையே கட்டினேன். எஸ்தர் தந்தது ஜன்னல் விளிம்பில் இருந்தது. கட்டாத கடிகாரம் நின்றுவிடும். அதனால் தினமும் காலையில் திறந்து, சாவி கொடுத்து, அழுத்தி மூடினேன். நமக்கு ஐந்து மணி என்றால் அவளுக்கு நள்ளிரவு தாண்டி அரை மணி. குளிர்காலத்தில் அவர்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போவார்கள், நானும் போவேன். நைட் டியூட்டி என்றால் வார்டில் நடந்துகொண்டிருப்பாள். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டியபடி தூங்கிக்கொண்டிருப்பாள். எவ்வளவு குளிரானாலும் அந்தக் கால் வெளியேதான் இருக்கும்.

“போன்லயே எல்லா ஊர் டைமும் வரும்ப்பா” என்று ஜெனி ஒருமுறை சொன்னாள்.

“போன் டிக் டிக்குனு சத்தம் போடாதும்மா” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிப் போனாள்.

எஸ்தரிடம் நான் இதைச் சொன்னதில்லை. ஒவ்வொரு லீவுக்கும் அவள் இறங்குவதற்கு முன்னால் நம் நேரத்துக்கு மாற்றிக் கையில் கட்டிக்கொண்டு விமான நிலையம் போவேன். அவளும் என் மணிக்கட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைப்பாள்.

மூன்று வருடம் தினமும் திறந்து மூடினால் எந்த மரைதான் தாங்கும்? ஜூலையில் ஒரு காலை கிரவுன் பிடிக்கவில்லை. அழுத்திச் சுற்றினேன். வாஷர் போன குழாய்த் திருகைப் போல அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

‘தள்ளாதே சார்’

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய இன்ஜினியரிங் கம்பெனியில் தரப் பரிசோதகன். மரை போட்ட உருப்படிகளை அளப்பது என் வேலை. அதற்கு கேஜ் என்று ஒரு கருவி உண்டு. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டிய முனை தானாக வழி கண்டு இறங்க வேண்டும். விரல் நுனியால் சுற்றலாம், பலம் கொடுக்கக் கூடாது. பலம் கொடுத்தால் எந்த மரையும் எந்த மரைக்குள்ளும் கொஞ்ச தூரம் போய்விடும். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாள் நான் சொல்வது “தள்ளாதே” என்பதுதான். எனக்குப் பின்னால் என் பெயரே ‘தள்ளாதே சார்’ என்பது எனக்குத் தெரியும். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அப்படிப்பட்ட நான் மாற்றுக் குழாய் வாங்கியபோது கிரவுன் பக்கத்து மரையை மட்டும் அளந்தேன். அளந்து, இரண்டு முறை சரிபார்த்து, ஆன்லைனில் வரவழைத்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு ஸ்டட் கம்பிக்குத் தலை முதல் கால் வரை ஒரே மரைதான். அதே பழக்கத்தில், இந்தக் குழாய்க்கும் இரண்டு பக்கமும் ஒரே மரை என்று எடுத்துக்கொண்டேன். அளக்கத் தெரியாதவன் கடைக்காரரைக் கேட்டிருப்பான். நான் யாரையும் கேட்கவில்லை.

அந்தக் குழாயில் உண்மையில் இரண்டு மரை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலைப்பகுதி கிரவுனுக்கு. உள்ளே முடுக்கியிருக்கும் கால்பகுதி கடிகாரக் கூட்டுக்கு. இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் கிடையாது.

கூரியரில் ஒரு பொடிப் பையில் ஜோடியாக இரண்டு குழாய் வந்தன. கிரவுன் அதன் தலையில் பட்டுப் போல ஏறியது. சந்தோஷத்தோடு காலைக் கூட்டில் வைத்துச் சுற்றினேன். ஒன்றரைச் சுற்று போய் நின்றது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பழைய குழாயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மரையின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையிலுள்ள தூரம் வேறு. முடியளவுகூட இல்லாத வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது கூடிக்கொண்டே போகும். ஒன்றரைச் சுற்றில் வழி அடைத்துவிட்டது.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு வாட்ச் கடையில் காட்டினேன். கொஞ்சம் பலமாகச் சுற்றினால் ஏறிவிடும், ஸ்டீல்தானே, தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும் என்றார் அவர். இல்லையென்றால் கூட்டின் ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டித் தருவதாகவும் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். எனக்கு மனம் வரவில்லை. குழாய் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். கூட்டில் வெட்டியது வெட்டியதுதான். அது அவள் கார் நிறுத்தும் இடத்தில் எடுத்துக் கொடுத்த கூடு. பையைப் பத்திரமாக மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் இஷ்டம்

இந்த லீவுக்கு இன்னொரு கனமும் இருந்தது. எஸ்தரின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் சில வருடம் இருக்க முடியுமா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். லீவு முடிந்து போகும்போது பதில் சொல்ல வேண்டும்.

“என்ன சொல்லட்டும்?” என்று போனில் கேட்டாள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

“உன் இஷ்டம் எஸ்தர்” என்றேன், ஒவ்வொரு தடவையும்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் உழைத்து, பரீட்சை எழுதி, தனியாகப் போய்ச் சேர்ந்த இடம். அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவளைப் பலம் கொடுத்துத் தள்ளியதாகிவிடும் என்று நினைத்தேன். நான் “உன் இஷ்டம்” என்றதும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அங்கே மழை என்பாள். நான் இங்கே வெயில் என்பேன்.

போனை வைத்தபிறகு ஜன்னலுக்குப் போய் அவள் மணியைப் பார்ப்பேன். குழாயை மாற்றப் பிரித்துப் போட்டு, கடிகாரம் நின்றபிறகு அதுவும் இல்லை. முட்கள் இரண்டு இருபதில் நின்றிருந்தன. அது பகலா இரவா என்றுகூடத் தெரியவில்லை. அந்த வாரங்களில் எஸ்தர் எனக்கு வழக்கத்தைவிடத் தொலைவில் இருந்தாள். மனதுக்குள் நாலரை மணியைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அவள் ஒருக்களித்துப் படுத்திருப்பது தெரியவில்லை.

பாதி பழசு, பாதி புதுசு

அன்று சனிக்கிழமை ஏழு மணிக்கு டேங்கர் வந்தது. நான் சம்ப் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் புது ஹோஸ் வாங்கியிருந்தார். லாரியின் வால்வு ஒரு அளவு, ஹோஸ் வேறு அளவு. பொருந்தாது என்று பார்த்த உடனே தெரிந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாண் நீள இரும்புக் குழாயை எடுத்து, ஒரு முனையை வால்வில் முடுக்கி, மறுமுனையில் ஹோஸை முடுக்கினார். நடுவில் ஒரு தடித்த வெல்டிங் தழும்பு.

நான் குனிந்து அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார் அப்டி பாக்குற? இந்தாண்ட பழைய பைப்பு, அந்தாண்ட புது பைப்பு. நடுல வெல்டு வெச்சிகினேன். சொட்டு ஒழுவாது” என்றார்.

இப்படி இணைக்கும் உருப்படிகளை என் மேசையில் எத்தனையோ அளந்து அனுப்பியிருக்கிறேன். அரிசி மணி அளவில் ஒன்றைச் செய்யலாம் என்று தோன்றியதே இல்லை. பழைய குழாயின் தலைதான் தேய்ந்தது. கால் கூட்டுக்குள் அசையாமல் இருந்ததால் அதன் மரை புதிதாக இருந்தது. புதுக் குழாயின் கால்தான் பொருந்தவில்லை. தலை சரியாக இருந்தது.

சம்ப் நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்த பிறகுதான் மூடியை விட்டேன். டிரைவர் சிரித்துக்கொண்டே வால்வை மூடினார்.

லேத்தில்

கடிகாரம் இருந்த கண்ணாடிப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பைபாஸ் வழியாகத் திருமுடிவாக்கம் போனேன். சனிக்கிழமை மதியத்தோடு ஷிப்ட் முடியும். எங்கள் கடைசல் மெஷினான லேத்தை ஓட்டும் மூர்த்தி என் வயதுக்காரர். அவர் அறுத்து நான் திருப்பி அனுப்பிய உருப்படிகளைக் குவித்தால் ஒரு லாரி வரும். அதனாலேயே நாங்கள் நண்பர்கள். எஸ்தரை அவருக்குத் தெரியும். கம்பெனி ஆயுத பூஜைக்கு ஒரு வருடம் வந்து, எல்லாரோடும் உட்கார்ந்து பொரி தின்றுவிட்டு, அவருக்கு பிரஷர் பார்த்து உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

பழைய குழாயை நான் வீட்டிலேயே கூட்டிலிருந்து கழற்றி வைத்திருந்தேன். மூர்த்தி இரண்டு குழாய்களையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ ரோதனை? கேஸ்ல ஓட்டையைப் பெருசாக்கி மரை வெட்டுனா அஞ்சு நிமிசம்.”

“கேஸைத் தொடக் கூடாது மூர்த்தி.”

“இன்னா, சாமி சிலையா அது?” என்றவர், லென்ஸ் வழியாகத் தேய்ந்த மரையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். “கைல கட்டுனா தானா ஓடுற வாட்ச்சு. மாசத்துக்கு ஒருவாட்டி தொறந்தா பெருசு. இது டெய்லி தொறந்து மூடுன மாதிரி கீது. எதுக்கு?”

“நிக்காம இருக்கத்தான். சாவி கொடுப்பேன்.”

“கட்டிக்க வேண்டிதான?”

“அது இங்க டைம்ல ஓடல மூர்த்தி. அங்க டைம்ல ஓடுது.”

மெஷினைப் போடப் போன கை நின்றது. கைத்துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வைத்திருந்த வெட்டுளியைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்தார். குனிந்தபடியே, “மரை கழண்டது வாட்ச்சுக்கா உனக்கா சார்?” என்றார். அதன்பிறகு அவர் கேலி எதுவும் பேசவில்லை.

முதல் முயற்சி வீணானது. புதுக் குழாய்களில் ஒன்று, பிடியின் இறுக்கத்தில் காகிதச் சுருள்போல நசுங்கிவிட்டது. மூர்த்தி உச்சுக் கொட்டினார்.  மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்காக முதலில் பித்தளையில் ஒரு மெல்லிய சட்டை செய்து, குழாய்க்கு மாட்டி, அதன்மேல் பிடித்தோம். அந்தச் சட்டைக்கு அளவு சொன்னது நான், வெட்டியது அவர். இரண்டு முறை நான் சரியில்லை என்றேன். இரண்டு முறையும் முறைத்துவிட்டு மறுபடி வெட்டினார்.

பழைய குழாயின் தேய்ந்த தலையைச் சீவி வழவழப்பான முளையாக்கினார். புதுக் குழாயின் காலை அறுத்து எறிந்துவிட்டு, தலையின் உட்புறத்தை முளை நுழையும் அளவுக்குக் குடைந்தார். பேரிங்கைப் பிடிக்க வைக்கும் பச்சைப் பசையில் ஒரு ஊசிமுனை அளவு தடவினேன். முளையின் வாயில் தலையை வைத்தேன். தள்ளவில்லை. சுற்றிக்கொண்டே அது தானாக இறங்கி உட்கார்ந்தது.

பசை இறுகும்வரை வெளியே போய் டீ குடித்தோம். “மேடம் வந்துட்டு திரும்பிப் போறாங்களா, இல்ல இங்கயே இருக்கப் போறாங்களா?” என்று மூர்த்தி கேட்டார். தெரியாது என்றேன். “கேட்டியா?” என்றார். அவள்தான் என்னைக் கேட்கிறாள் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பி வந்து, உள்ளே எதுவும் இல்லாத வெறும் கூட்டில் குழாயை முடுக்கினேன். கால் பழைய வழியிலேயே கடைசிவரை போனது. கிரவுன் தலையில் ஏறி மூடியது. டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் வாங்கி வந்து, பின்மூடியை மூடிக் கூட்டை அதில் இறக்கினோம். கசிவு இருந்தால் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து குமிழாக வரும். இரண்டு நடுவயது ஆண்கள் ஒரு டம்ளருக்கு மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றோம். கிரவுனின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. மூர்த்தி டம்ளரைச் சுண்டினார். அது கழன்று மேலே போனது. அடுத்த குமிழ் வரவில்லை.

“பாஸா?” என்றார்.

“பாஸ்” என்றேன். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

கேமராவுக்கு முன்னால்

வீட்டுக்கு வந்து உள்பாகங்களைப் பொருத்தி, சாவி கொடுத்து, முட்களை வைத்தேன். கை பழக்கத்தில் அவள் நேரத்துக்கே வைத்தது. வியாழக்கிழமைக்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த டிக் டிக் சத்தம் மறுபடி கேட்டதும் சமையலறைக்குப் போய் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஏழரை மணிக்கு எஸ்தர் வீடியோவில் வந்தாள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்திருந்தாள், தலையில் துண்டு. பின்னால் படுக்கையின்மேல் பெட்டி திறந்து கிடந்தது. ஜெனிக்கு வாங்கிய ஸ்வெட்டரைக் காட்டினாள். தாம்பரத்தில் ஸ்வெட்டரை எங்கே போடுவது என்று ஜெனி கேட்டாள். ரயிலில் ஏசி பெட்டியில் போட்டுக்கொள் என்றாள் எஸ்தர்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இங்க பாரு, சரி பண்ணிட்டேன்” என்று கடிகாரத்தை போனுக்கு நேராக நீட்டினேன். பெருமையில் முட்களை மறந்துவிட்டேன்.

எஸ்தர் நர்ஸ். கடிகாரத்தைப் பார்த்தால் முதலில் முள்ளைத்தான் பார்ப்பாள்.

“டைம் தப்பா ஓடுதே” என்றாள். பிறகு அவள் பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். “இல்ல. இது இங்க டைம்.”

நான் கடிகாரத்தைக் கீழே இறக்கினேன். ஜெனி பேசினாள்.

“அது எப்பவுமே உன் டைம்தாம்மா. அப்பா தினம் காலைல ஜன்னல்கிட்ட நின்னு சாவி குடுப்பாங்க. அதான் தேஞ்சு போச்சு.” சொல்லிவிட்டு, ஸ்வெட்டர் நல்லாயிருக்கு என்று முடித்து, உள்ளே போய்விட்டாள். அந்தக் காலை நேரத்தில் ஜெனி தூங்குகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திரையில் எஸ்தர் அசையாமல் இருந்தாள். நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

“நான் என்ன சொல்லட்டும்னு கேட்டப்பல்லாம் ‘உன் இஷ்டம்’னீங்க” என்றாள்.

“ஆமா.”

“எனக்கு எப்படிக் கேட்டுச்சு தெரியுமா? வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு.”

“உன்னைப் பலம் குடுத்துத் தள்ளக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“நான் என்ன உங்க கம்பெனி போல்ட்டா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. கொஞ்சம் கழித்து அவளுக்கும் வந்தது. தலைத் துண்டின் நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பக் கேக்கறேன். என்ன சொல்லட்டும்?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தி கேட்டைத் திறந்தார்கள். கடிகாரம் என் உள்ளங்கையில் இருந்தது.

“வந்துடு எஸ்தர்” என்றேன்.

அவள் மடித்த ஸ்வெட்டரை விரித்து மறுபடி மடித்தாள். நேரில் பேசலாம் என்றாள். சரி என்றேன். போனை வைக்கும் முன் மறுபடி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“அதைக் கையில கட்டுங்க. தண்ணில விடத்தான் வாங்கினேன், ஜன்னல்ல வெக்கவா? டைமை மட்டும் மாத்தாதீங்க. நான் வந்து மாத்தறேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுக்கவில்லை, காபி போடவில்லை. முதலில் கடிகாரத்தைக் கட்டினேன். பன்னிரண்டரை காட்டியது. கிரவுனைத் திறக்காமல் சம்ப்புக்குப் போய் மூடியைத் தூக்கினேன். டேங்கர் ஊற்றிய தண்ணீர் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மண்டியிட்டு, இடது கையை முழங்கைவரை உள்ளே விட்டேன். வலது கையால் டார்ச் அடித்தேன். தண்ணீருக்கு அடியில் வினாடி முள் போய்க்கொண்டிருந்தது.